எனக்கு இட்லி பிடிக்கும், எனக்கு ஜப்பானிய மொழி புரியும்

ஒரு ஜப்பானியரிடம் நான் முதன்முதலாகச் சொந்தமாகப் பேசிய வாக்கியம் இது: “இன்று மின்சாரம் நன்றாக இருக்கிறது, இல்லையா?”

சொல்ல நினைத்தது வானிலையைப் பற்றி. ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஜப்பானிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். மூன்று நாள் மழை விட்டு அன்று காலைதான் வெயில் எட்டிப் பார்த்தது. நல்ல சந்தர்ப்பம் என்று, வகுப்பில் படித்ததை மனதுக்குள் நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, “கியோ வா தென்கி கா ஈ தெஸு நே” என்றேன். அவர் தலையைத் தூக்கி ட்யூப்லைட்டைப் பார்த்தார். அப்புறம் மரியாதையாக “ஹை”, அதாவது ஆமாம், என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

வானிலைக்கும் மின்சாரத்துக்கும் ஜப்பானிய மொழியில் ஓர் ஒலிதான் வித்தியாசம். ‘தந்தை’ என்பதில் முதலில் வரும் ‘த’ மாதிரி சொன்னால் வானிலை. ‘தந்தை’யின் கடைசியில் வரும் ‘தை’ மாதிரி மென்மையாகச் சொன்னால் மின்சாரம். என் நோட்டில் இரண்டையும் ‘தென்கி’ என்றே எழுதி வைத்திருந்தேன். தமிழில் எழுதினால் வேறு எப்படி எழுத முடியும்?

வெளிநாட்டு மொழி படிக்கிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான். அந்த மொழியின் எழுத்தை முதல் இரண்டு வாரத்திலேயே படித்து முடித்துவிடுங்கள். அதுவரை ஒரு சொல்லைக்கூட நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். தமிழ் எழுத்து தமிழுக்காகச் செய்யப்பட்டது. சொல்லின் நடுவில் ஒற்றையாக வரும் ககரத்தை நாம் தானாகவே மென்மையாக்கிப் படிப்போம், இரட்டித்தால் வல்லினமாகப் படிப்போம். ஜப்பானிய மொழியில் சீமைப்பனிச்சைப் பழத்துக்கு ஒரு சொல், சாவிக்கு ஒரு சொல், உற்சாகத்துக்கு ஒரு சொல் இருக்கிறது. பழத்தையும் சாவியையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘ககி’. பழத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று ‘கக்கி’ என்று எழுதினால் அது உற்சாகம் ஆகிவிடும். ஜப்பானிய மொழியில் முதலில் படிக்கிற ஹிரகானா என்ற எழுத்து வகையில் அடிப்படை எழுத்து மொத்தம் 46தான். ஒரு நாளைக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால் பத்து நாள் வேலை. 247 எழுத்தை ஒன்றாம் வகுப்பில் படித்த நமக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? ஆனால் நான் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். (இந்தக் கட்டுரையிலும் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். அதனால் நான் தரும் ஜப்பானியச் சொற்களில் பாதி உங்கள் வாயில் தப்பாகத்தான் வரும். மன்னிக்க.)

இது தமிழ் நமக்குக் குறுக்கே நிற்கிற இடம். நமக்குக் கைகொடுக்கிற இடமும் உண்டு. அது எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது.

நான் சேர்ந்தது சனி, ஞாயிறு வகுப்பு. முப்பத்தெட்டு வயதில் கல்லூரிப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆசிரியர் நல்லவர், பொறுமைசாலி. ஆனால் வகுப்பு முழுக்க ஆங்கிலம். புத்தகத்தில் விளக்கம் ஆங்கிலம், பலகையில் எழுதுவது ஆங்கிலம். என் தலைக்குள் ஜப்பானிய மொழி ஆங்கிலமாகி, ஆங்கிலம் தமிழாகி, பதில் அதே வழியில் திரும்பப் போய்ச் சேருவதற்குள் பக்கத்துப் பையன் பதில் சொல்லி முடித்திருப்பான்.

அந்த வகுப்பில் என்னை மிகவும் படுத்தியது ஒரு பட்டியல். ஜப்பானிய மொழியில் செயப்படுபொருளுக்குப் பின்னால் ‘ஓ’ என்று ஓர் உருபு வரும். நம்முடைய ‘ஐ’ மாதிரி. மீனை வாங்கினேன், புத்தகத்தைப் படித்தேன், எல்லாவற்றுக்கும் ‘ஓ’. ஆனால் சில சொற்களுக்கு மட்டும் அது வராது, எழுவாய்க்கு வருகிற ‘கா’ வரும். ‘விதிவிலக்குகள், மனப்பாடம் செய்யுங்கள்’ என்று ஒரு தாள் கொடுத்தார்கள். புரிவது, பிடிப்பது, வேண்டும் என்பது, ஒன்றைச் செய்ய வருவது, கண்ணுக்குத் தெரிவது, காதுக்குக் கேட்பது. தேர்வில் ஒவ்வொரு தடவையும் இதில்தான் மாட்டினேன். ஆங்கிலத்தில் ‘நான் மொழியைப் புரிந்துகொள்கிறேன்’ என்கிற அமைப்பு. அதிலிருந்து மாற்றினால் கை தானாக ‘ஓ’ போட்டுவிடும்.

ஒரு ஞாயிறு மாலை கூடத்தில் உட்கார்ந்து இதை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

“என்னடி அப்படி முணுமுணுக்குற?”

சொன்னேன். ஆங்கிலம் தெரியாத அம்மாவிடம் தமிழில்தானே சொல்ல வேண்டும்? “புரியறது, பிடிக்கறது, வேணும்கறது, தெரியறது, கேக்கறது, இதுக்கெல்லாம் மட்டும் ‘ஐ’ வராதாம்மா. விதிவிலக்காம்.”

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இதுல என்ன விதிவிலக்கு? எனக்கு இட்லி பிடிக்கும்னுதானே சொல்லுவோம். நான் இட்லியைப் பிடிக்கிறேன்னா சொல்லுவோம்?”

தாளை இன்னொரு தடவை பார்த்தேன். எனக்குப் புரியும். எனக்குப் பிடிக்கும். எனக்கு வேண்டும். எனக்கு நீச்சல் வரும். மலை தெரிகிறது. சத்தம் கேட்கிறது. ஒன்றுகூட மிச்சமில்லாமல் அத்தனையும் தமிழிலும் அப்படியே. ஆங்கிலத்துக்குத்தான் அவை விதிவிலக்கு. பிறந்ததிலிருந்து நான் பேசிக்கொண்டிருக்கும் இலக்கணத்தை ஆங்கிலம் வழியாகச் சுற்றிவந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அன்று இரவே நோட்டின் ஆங்கிலப் பக்கங்களை மூடிவிட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் தமிழ் வாக்கியம் எழுத ஆரம்பித்தேன். வரிசையாக வந்து விழுந்தது. ‘நேற்று கடையில் மீன் வாங்கினேன்’ என்பது ‘கினோ மிஸே தே சகனா ஓ கைமாஷ்தா’. நேற்று, கடை, இல், மீன், ஐ, வாங்கினேன். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. ‘நான்’ என்பதை நாம் விழுங்குகிற மாதிரியே அவர்களும் விழுங்குகிறார்கள். பேச்சில் அந்த ‘ஓ’வையும் பல நேரம் விட்டுவிடுகிறார்கள், நாம் ‘மீனை’ என்று சொல்லாமல் ‘மீன் வாங்கினேன்’ என்பது போல. ‘நேற்று வாங்கிய மீன்’ என்றால் ‘கினோ கத்தா சகனா’. ஆங்கிலத்தில் இதையே மீனை முன்னால் வைத்து, ஒட்டுச்சொல் போட்டு, வாக்கியத்தைத் தலைகீழாக்கிச் சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது துணைவினைகள். ‘மிரு’ என்றால் பார். ‘தபெதே மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். கண்ணால் பார்ப்பது இல்லை, நாம் சொல்கிற அதே முயன்று பார்க்கிற ‘பார்’. ‘ஒகு’ என்றால் வை. ‘கத்தே ஒகு’ என்றால் வாங்கி வை, பின்னால் உதவும் என்கிற அதே அர்த்தத்தில். ‘இரு’ என்றால்... ஆமாம், இரு. ‘தபெதே இரு’ என்றால் சாப்பிட்டுக்கொண்டிருப்பது. ‘தோ’ என்பது நம்முடைய ‘என்று’: ‘இகு தோ இத்தா’, போகிறேன் என்று சொன்னான். எப்போது என்பதற்கு ‘இட்ஸு’. அதோடு ‘உம்’ வேலை செய்கிற ‘மோ’வைச் சேர்த்தால் ‘இட்ஸுமோ’, எப்போதும். சந்தேகத்துக்கு வரும் வேறொரு ‘கா’வைச் சேர்த்தால் ‘இட்ஸுகா’, என்றோ ஒரு நாள். ‘தாரெ’ என்றால் யார், ‘தாரெகா’ என்றால் யாரோ. சுட்டுப்பெயர்கள் அவர்களுக்கு மூன்று: ‘கொரே’ இது, ‘அரே’ அது, நடுவில் ‘ஸொரே’. கேட்கிறவர் பக்கம் இருப்பதைச் சுட்டும் அந்த நடுச்சொல் சென்னைக்காரியான எனக்குக் கொஞ்சம் தடுக்கியது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குத் தடுக்காது. ‘உது’ இன்னும் அவர்கள் வாயில் இருக்கிறது.

பளபள, திக்திக், சளசள மாதிரி இரட்டைக்கிளவிகளும் அங்கே மூட்டை மூட்டையாக உண்டு. நெஞ்சு அடித்துக்கொண்டால் ‘தொகிதொகி’. மொழியைச் சரளமாகப் பேசினால் ‘பெராபெரா’.

இந்த இடத்தில் வாட்ஸப் மாமாக்களைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். தமிழிலிருந்துதான் ஜப்பானிய மொழி வந்தது என்று ஒரு செய்தி வருடத்துக்கு இரண்டு தடவையாவது குடும்பக் குழுவில் வந்துவிடுகிறது. ஸுஸுமு ஒனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் இரண்டுக்கும் உறவு இருக்கிறது என்று பல ஆண்டுகள் வாதாடியது உண்மை. பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. வினை கடைசியில் வருவதும் உருபு பின்னால் ஒட்டுவதும் கொரிய மொழியிலும் துருக்கியிலும் மங்கோலியத்திலும்கூட உண்டு. எனக்கு உறவு தேவையில்லை. வாக்கியம் ஒரே மாதிரி நடந்தால் போதும், நான் என் வேலையைப் பார்த்துக்கொள்வேன்.

வேறு மொழி படிக்கிறவர்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம். ஜெர்மன் படிக்கிறீர்கள் என்றால் துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவது உங்களைத் திடுக்கிட வைக்க வேண்டியதில்லை. ஆனால் மேசை ஆண்பால், கதவு பெண்பால் என்பதில் தமிழ் கைவிட்டுவிடும். அங்கே ஹிந்தி தெரிந்தவர்களுக்குப் பழக்கம் இருக்கும். கையில் உள்ள மொழிகளில் எது எந்த இடத்தில் உதவும் என்று பார்த்துக்கொண்டு இறங்குவது நல்லது. எல்லாவற்றுக்கும் ஆங்கிலமே ஏணி என்று நாம் பழகிவிட்டோம், அவ்வளவுதான்.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்க 88 வாரம், 2200 வகுப்பு மணி என்று கணக்கு வைத்திருக்கிறது. அவர்களுக்கு மிகக் கடினமான மொழிகளின் வரிசையில் அது இருக்கிறது. இணையத்தில் இந்தக் கணக்கைக் காட்டித்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறார்கள். அது ஆங்கிலத்தில் யோசிக்கிறவர்களுக்குப் போட்ட கணக்கு. நமக்கு இலக்கணத்தில் தள்ளுபடி உண்டு. சீனத்திலிருந்து வந்த, காஞ்சி எனப்படும் பட எழுத்துகளில் தள்ளுபடி கிடையாது. அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பானிய அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2136 எழுத்துகள் இருக்கின்றன. மரம் ஒன்றென்றால் மரம், இரண்டு மரம் சேர்ந்தால் தோப்பு, மூன்று சேர்ந்தால் காடு என்று முதல் வாரம் ஜாலியாக இருக்கும். இரண்டாவது மாதம் அழுகை வரும். தனி எழுத்தாக எடுத்து அதன் எல்லா உச்சரிப்பையும் உருப்போடாதீர்கள், சொல்லோடு சேர்த்துப் படியுங்கள் என்பதைத் தவிர எனக்கு இதில் பெரிய ஞானம் இல்லை.

சொற்களுக்கு ‘அன்கி’ என்ற செயலியைப் பயன்படுத்துகிறேன். அந்தப் பெயரே ஜப்பானியச் சொல், மனப்பாடம் என்று பொருள். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. ஒரு சொல்லை மறக்கப்போகிற நேரத்தில் திரும்பக் காட்டும். தெரிந்துவிட்டால் அடுத்த தடவை இன்னும் பல நாள் கழித்துக் காட்டும். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே உருப்போட்டு, தன்னையே சோதித்து 1885-இல் எழுதி வைத்தார். இந்தச் செயலிக்கெல்லாம் தாத்தா அவர்தான்.

இதில் நான் செய்த முட்டாள்தனம், யாரோ செய்து வைத்த ஆறாயிரம் அட்டையை மொத்தமாக இறக்கி, ஒரு நாளைக்கு முப்பது புதுச்சொல் என்று வைத்தது. மூன்றாவது வாரம் சித்தி மகள் கல்யாணத்துக்கு மதுரை போய்விட்டு ஐந்து நாள் கழித்துத் திறந்தால் எழுநூற்றுச் சொச்சம் அட்டை காத்திருந்தது. செயலியையே அழித்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தபோது ஒரு நாளைக்கு எட்டுச் சொல். அதுவும் நானே படித்த, கேட்ட வாக்கியத்திலிருந்து எடுத்தவை. வெறும் சொல்லாகப் போடுவதில்லை, வாக்கியத்தோடும் ஒலியோடும் போடுகிறேன். அட்டையின் மறுபக்கம் தமிழ். அரிசி வெந்து குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் அன்றைய பாடம் முடிந்துவிட வேண்டும் என்பது என் அளவு. முடியவில்லை என்றால் புதுச்சொல்லைக் குறைப்பேன்.

தோல்வியையும் சொல்லிவிடுகிறேன். ஜே.எல்.பி.டி. என்கிற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு சென்னையிலும் ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறு நடக்கிறது. ஐந்து நிலைகள், எளிது என்.5, உச்சம் என்.1. என்.5-க்கு மொத்தம் 180 மதிப்பெண், 80 எடுத்தால் போதும். நான் முதல் தடவை 97 எடுத்தேன். ஆனாலும் தேறவில்லை. கேட்டல் பகுதியில் 60-க்குக் குறைந்தபட்சம் 19 எடுக்க வேண்டும், என்னுடையது 16. ஒலிப்பதிவை ஒரே ஒரு தடவைதான் ஓட்டுவார்கள். முதல் கேள்வியிலேயே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ‘இது எங்கேயோ படித்தோமே’ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மூன்றாவது கேள்வி போய்விட்டது.

அதுவரை நான் கண்ணால் மட்டுமே படித்திருந்தேன். அப்புறம் செய்தது எளிது, ஆனால் அலுப்பானது. தாம்பரத்திலிருந்து கம்பெனி பேருந்து. ஜன்னலோர இருக்கை, காதில் கருவி, மூன்று நிமிட உரையாடல் ஒன்று. ஒரு வாரம் முழுக்க அதே ஒன்று. முதல் நாள் வெறுமனே கேட்பேன். இரண்டாம் நாள் எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். மூன்றாம் நாளிலிருந்து அவர்கள் பேசப் பேச அரை நொடி பின்னால் நானும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வருவேன், பஜனையில் பின்பாட்டுப் பாடுகிற மாதிரி. பக்கத்து இருக்கை அக்கா ஒரு நாள் “ஏதாவது ஸ்லோகமா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த தேர்வில் கேட்டலில் 41.

குறில் நெடிலும் இரட்டித்தலும் கேட்டலில் நமக்குப் பெரிய பலம். அத்தைக்கும் பாட்டிக்கும் அவர்களுக்கு ஒரு நெடில்தான் வித்தியாசம். ஆங்கிலம் பேசுகிறவர்கள் மாதக்கணக்கில் அதற்குத் திணறுவார்கள். ‘படம்’, ‘பாடம்’, ‘பட்டம்’ என்று வளர்ந்த காதுக்கு அது ஒன்றும் இல்லை.

வாசிப்பில் ‘ததொகு’ என்று ஒரு முறை இருக்கிறது, நிறைய வாசிப்பது என்று பொருள். விதிகள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. மிக எளிதானதில் ஆரம்பி, அகராதியைத் தொடாதே, புரியாததைத் தாண்டிப் போ, அலுத்தால் மூடிவிட்டு வேறு எடு. அதற்கென்றே படங்களோடு நிலைவாரியாகச் செய்த சிறுபுத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கொஞ்சம் தேறியதும் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. எளிய மொழியில் தருகிற செய்திகளைப் படிக்கலாம், காஞ்சிக்கு மேலே உச்சரிப்பு சிறிய எழுத்தில் இருக்கும். வகுப்புக்குப் போக வசதியில்லாதவர்கள் ஜப்பான் ஃபவுண்டேஷன் வெளியிட்ட ‘இரொதொரி’ பாடநூலை ஒலியோடு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அன்றாட வாழ்க்கையை வைத்துச் செய்தது, முதல் புத்தகமாக நான் அதைத்தான் சொல்வேன்.

ஜே.எல்.பி.டி.யில் பேச்சுத் தேர்வும் இல்லை, கட்டுரை எழுதுவதும் இல்லை. அதனால் என்.3 சான்றிதழை வைத்துக்கொண்டு ஒரு தேநீர்கூடக் கேட்டு வாங்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். பேச்சு தனி வேலை, அதில் இலக்கணத்தைவிட நடைமுறை முக்கியம். எங்கள் கூட்டங்களில் ஒரு குழப்பம் தொடர்ந்து நடக்கும். நம்மவர்கள் பேசப் பேச அந்தப் பக்கம் “ஹை, ஹை” என்று வந்துகொண்டே இருக்கும். ஒப்புக்கொண்டார்கள் என்று நினைத்து அடுத்த விஷயத்துக்குப் போவோம். கடைசியில் பார்த்தால் எதையும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். அதற்கு ‘ஐஸுச்சி’ என்று பெயர், கதை கேட்கும்போது நாம் ‘உம்’ கொட்டுவது. பாட்டி கதை சொல்லும்போது உம் கொட்டினால் ராஜா செய்தது சரி என்றா அர்த்தம்? கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதானே? தொலைபேசியில் இதைச் செய்யாவிட்டால் அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு “ஹலோ, இருக்கிறீர்களா?” என்று கேட்பார்கள். அதே மாதிரி ‘சொத்தோ...’ என்று இழுத்து நிறுத்தினால் முடியாது என்று அர்த்தம். நம் ஊரில் கடன் கேட்டவரிடம் “பார்க்கலாம்” என்று சொல்வதன் அதே சுருதி.

‘நீங்கள்’ என்பதற்குப் புத்தகத்தில் ‘அனதா’ என்று போட்டிருக்கும். மேலதிகாரியை அப்படிச் சொல்லிவிடாதீர்கள், முகம் சுருங்கும். பெயரோடு ‘ஸான்’ சேர்த்துச் சொல்ல வேண்டும். மேனேஜரை ‘நீங்க’ என்றுகூடச் சொல்லாமல் “சார் எப்ப வந்தீங்க?” என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம், இதுவும் பழகிவிடும்.

மின்சாரம் நன்றாக இருக்கிறதென்று ஒப்புக்கொண்ட அந்தப் பொறியாளர் இப்போது இரண்டு வருட ஒப்பந்தத்தில் இங்கேயே இருக்கிறார். போன மாதம் கேன்டீனில் ஒரு சின்ன நோட்டை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். தமிழ் படிக்க ஆரம்பித்திருக்கிறாராம். கேட்கும் சொற்களையெல்லாம், வெளிநாட்டுச் சொற்களுக்கு அவர்கள் பயன்படுத்தும் கதகானா எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருள் எழுதி வைத்திருந்தார். ஒரு சொல்லைக் காட்டி, இதற்கு மட்டும் ஏன் மூன்று பொருள் என்று கேட்டார். ஒருவர் வலிமை என்கிறார், ஒருவர் வாழைப்பழத்தைக் காட்டுகிறார், கோயிலில் ஒருவர் கடவுள் சம்பந்தமாக ஏதோ சொல்கிறார்.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘பரமு’ என்று எழுதியிருந்தார். பலம், பழம், பரம். அவர் எழுத்தில் ல, ழ, ர எல்லாவற்றுக்கும் ஒரே வரிசைதான். முதல் பக்கத்தில் ‘தமிழ்’ என்பதையே ‘தமிரு’ என்றுதான் எழுதியிருந்தார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டை மூடினேன். மறுநாள் வரும் வழியில் தாம்பரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே இருக்கிற கடையில் படம் போட்ட அரிச்சுவடி ஒன்று வாங்கினேன். அம்மா, ஆடு, இலை. கையில் கொடுத்ததும் புரட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை எழுத்து என்று கேட்டார். 247 என்றேன்.

“சொத்தோ...” என்றார்.